பரம்பரைக் கால்

மனிதர்களில் பரம்பரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சொத்து பத்து உள்ளவர் என்று நினைத்துக்கொண்டு கைகுலுக்கப் போய்விடாதீர்கள். நிலம், வீடு, நகை என்று பேர் சொல்லும்படி இவருக்கு யாரும் எதையும் விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் இவரிடம் உள்ள கோளாறு ஒவ்வொன்றும் முன்னோர் விட்டுச் சென்றதுதான். காலையில் எழுந்திருக்க முடியாதது அப்பாவிடமிருந்து வந்தது. எழுந்த பிறகு எரிந்து விழுவது தாத்தாவிடமிருந்து வந்தது. தலையில் முடி நிற்காதது அம்மா வழி மாமாக்கள் தந்தது. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதது எந்த வழியில் வந்ததென்று தெரியவில்லை, ஆனால் அதுவும் ரத்தத்தில்தான் இருக்கிறது. "எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்" என்பார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார். ரத்தத்தோடு யார் மல்லுக்கு நிற்க முடியும்?

இந்த இனத்தில் உயர்ந்த ரகமாக ஒருவர் எனக்கு எதிர்வீட்டிலேயே வாய்த்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் அவரைப் பரம்பரையார் என்றே சொல்வோம், அவர் காதில் விழாமல். ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். காலையில் இரும்பு முனை வைத்த கனத்த பூட்ஸுக்குள் காலை நுழைத்தாரென்றால் மாலையில்தான் அதற்கு வெளிச்சம். அவருடைய குலச்சொத்து இருக்கும் இடம் வலது கால், சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே. தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, வெடித்து, அரிக்கிற சேற்றுப்புண். அந்த வீட்டில் யாரும் சேற்றில் கால் வைத்ததாகத் தகவல் இல்லை, பேர் அப்படி. அவர் அந்தப் பேரைச் சொல்லவே மாட்டார். "நம்ம கால்" என்பார். நம்ம காலுக்கு இந்தச் செருப்பு ஆகாது. நம்ம காலுக்கு மழைக்காலம் வர்றது முன்னாடியே தெரிஞ்சிடும். ஏதோ அரசவை ஜோசியரைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள்.

மாலையில் அவர் வீடு திரும்பும் காட்சியைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பையை வைக்க மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார், மனைவி சொல்லும் எதையும் கேட்க மாட்டார். நாற்காலியில் விழுந்து பூட்ஸைக் கழற்றி, காலுறையை உருவிச் சோபாவின் மேல் போட்டு, இடது காலின் கட்டைவிரலை வலது காலின் விரலிடுக்கில் கொடுத்துத் தேய்க்கத் தொடங்குவார். கண்கள் மெல்லச் செருகும். வாய் லேசாகத் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் போய் அவரிடம் எதைக் கேட்டாலும் சரி என்பார். அவருடைய மகன் தன் காதலைச் சொல்லிச் சம்மதம் வாங்கியதே அந்த நேரத்தில்தான் என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டான். விரலால் ஆகாதபோது மேஜைக் காலின் விளிம்பு இருக்கிறது. அதற்கும் மேலே போனால் பொறுக்க முடியாத சூட்டில் வெந்நீர் இருக்கிறது. "சுகம்னா அதுதாங்க சுகம். அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்" என்று என்னைப் பார்த்து ஒரு பரிதாபப் பார்வை பார்ப்பார், எனக்கு அது வாய்க்கவில்லையே என்று.

கூடத்தில் அவருடைய அப்பா, தாத்தா படங்கள் மாட்டியிருக்கும். விருந்தாளி யாராவது வந்து நிமிர்ந்து பார்த்தால் போதும், எழுந்துவிடுவார். மற்றவர்கள் வீட்டில் முகஜாடையைக் காட்டுவார்கள். மூக்கைப் பாருங்கள், நெற்றியைப் பாருங்கள் என்பார்கள். இவர் விரல் நேராகக் கீழே இறங்கும். சிக்கல் என்னவென்றால் படங்கள் இரண்டும் மார்போடு முடிந்துவிடுகின்றன. அதனாலென்ன? சட்டத்துக்குக் கீழே உள்ள வெற்றுச் சுவரைத் தொட்டுக் காட்டி, "இதோ, இங்க இருந்துச்சு. அச்சு அசல் நம்ம கால்" என்பார். விருந்தாளியும் பக்தியோடு சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார். அடுத்தபடியாகத் தன் வலது கால் கட்டைவிரல் நகத்தைக் காட்டுவார். மஞ்சள் பாரித்து, தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து, நகவெட்டிக்கு அடங்காத நகம். அதற்கு அவர் வைத்த பெயர் தங்க நகம். தாத்தாவுக்கு அப்புறம் இந்த வம்சத்தில் அவர் ஒருவருக்குத்தான் அது இறங்கியிருக்கிறதாம்.

சரி, மனிதர் மருந்தே போட மாட்டாரா? போடுவார். இந்த இனத்தை நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. மருந்துக்கடைக்குப் போய், யாரையும் எதுவும் கேட்காமல், போட்டவுடன் அரிப்பை அமுக்கிவிடும் அந்தக் கலவைக் களிம்பை வாங்கி வருவார். முதல் நாள் பூஜைபோல நடக்கும்: காலைக் கழுவி, துடைத்து, விளக்கடியில் நீட்டி, விரல் விரலாகப் பூசுவார். அடுத்த நாள் துடைக்காமல் பூசுவார். அதற்கடுத்த நாள் அரிப்பு அடங்கிவிடும், அரிப்போடு அக்கறையும் அடங்கிவிடும். பாதி பிதுக்கிய ட்யூப் குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு மேலே போய், முன்பே அங்கே குடியிருக்கும் தன் உடன்பிறப்புகளோடு சேர்ந்துகொள்ளும். மூடி தொலைந்தது, வால் சுருட்டியது, காய்ந்து கல்லானது என்று அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது. கொஞ்ச நாளில் அரிப்பு முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். அவர் முகத்தில் வெற்றிக்களை தாண்டவமாடும். "பாத்தீங்களா? மருந்துக்கெல்லாம் அடங்குமா இது? ரத்தம்ங்க."

இப்போது அந்த வீட்டுக் குளியலறை வாசலுக்கு வருவோம். தயவுசெய்து காலணியோடு வாருங்கள். அங்கே எப்போதும் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும், வீட்டில் எல்லோருக்கும் பொது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கால்மிதி. வாங்கியபோது பச்சை என்று சொல்கிறார்கள். ஒருவர் குளித்துவிட்டு அதில் காலை ஒற்றிவிட்டுப் போவார், அது காய்வதற்குள் அடுத்தவர் வந்து ஒற்றுவார், மிதித்தால் லேசாகச் சத்தம் போடும். செருப்பு தேய்ந்தால் மாற்றுவார்கள், மிதி கிழிந்தால் மாற்றுவார்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற ஏற்பாடு மட்டும் தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை. அவ்வளவு ஒற்றுமையான குடும்பம்.

இந்த ஒற்றுமைக்குள் ஒரு மருமகள் வந்து சேர்ந்தாள். நீச்சல் குளத்தில் சிறு குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறவள். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற குழந்தைகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டால் இறங்கிவிடும் என்பார்கள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். வந்து சில மாதங்களில் அவளுக்கும் கால் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. வெட்கப்பட்டு மறைத்துப் பார்த்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்ததை மாமனார் பார்த்துவிட்டார். திட்டினாரா? முகம் சுளித்தாரா? எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து, குரல் தழுதழுக்க, "இப்பத்தாம்மா நீ இந்த வீட்டுப் பொண்ணு" என்றார். குளிர்சாதனப் பெட்டியின் தலையிலிருந்து ஒரு அரை ட்யூபை எடுத்துச் சீர்வரிசைபோலக் கையில் கொடுத்தார்.

குளத்து மேலாளருக்கு இந்த மாதிரி நெகிழ்ச்சியெல்லாம் கிடையாது. அங்கே தண்ணீரில் இறங்குகிற எல்லோருடைய காலையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு அத்தனை குழந்தைகள் நடக்கிற இடம். ஆறின பிறகு வாருங்கள் என்று அவளை அனுப்பிவிட்டு, தற்காலிகமாக வேறொருவரைப் போட்டார்கள். அவள் தோல் டாக்டரிடம் போய், சரியான மருந்து வாங்கி, சொன்னபடி பூசி, காலைக் குணமாக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். ஒரு மாதம் போவதற்குள் அதே விரலிடுக்கில் அதே அரிப்பு. இம்முறை மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: புது வகுப்புகள் தொடங்குகிற அன்று கால் சுத்தமாக இருந்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் இப்போது வந்திருக்கிறவரே நிரந்தரம்.

பரம்பரையார் இதைக் கேட்டுக் கலங்கவில்லை. "நம்ம கால் அப்படித்தாம்மா. ஒரு தடவ வந்தா போகாது" என்று ஆறுதல் சொன்னார்.

"மாமா, நான் உங்க ரத்தம் இல்லையே?" என்றாள் அவள்.

அவர் அசந்துபோனார். இப்படி ஒரு சந்து இருப்பதை அவர் கவனித்ததே இல்லை. ஆனால் நம் பரம்பரைக்காரர்கள் லேசில் தோற்கிறவர்களா? அடுத்த சில நாட்கள் தொலைபேசியும் கையுமாக இருந்தார். அவளுடைய பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் பிடித்து, அவர்கள் பூர்வீகம் என்ன, யார் எங்கே பெண் எடுத்தார்கள், முக்கியமாக யாருக்குக் கால் எப்படி என்று துருவினார். கடைசியில் அவளுடைய கொள்ளுத்தாத்தாவும் தன்னுடைய கொள்ளுத்தாத்தாவும் ஒரு காலத்தில் ஒரே தெருவில் குடியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். "அந்தக் காலத்துல யாரு யாருக்குச் சொந்தம்னு யாருக்குத் தெரியும்?" என்று என்னிடம் கண்ணடித்தார். தன் மகன் அறியாமல் உறவில் பெண் எடுத்துவிட்டான் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

மருமகள் சளைக்கவில்லை. அவரைக் கெஞ்சிக் கூத்தாடித் தன் டாக்டரிடமே அழைத்துப் போனாள். அந்த டாக்டரம்மா காலைப் பார்த்தார், தங்க நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தாத்தா கதையை முழுவதும் கேட்டார். பிறகு, "சில குடும்பங்கள்ல உடம்பு இந்தப் பூஞ்சைக்குச் சட்டுனு இடம் குடுத்துடும். அது உண்மைதான்" என்றார்.

பரம்பரையார் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்க, நான் இன்னும் முடிக்கல. அது பூட்டு கொஞ்சம் லூஸா இருக்கிற வீடு மாதிரி. அதுக்காகத் திருடனையும் உங்க தாத்தாதான் பெத்துப் போட்டாருன்னு சொல்லுவீங்களா? பூட்டு லூஸுன்னா நீங்கதான் மத்தவங்களைவிட ஜாக்கிரதையா இருக்கணும்."

அதற்கு மேல் அவர் விளக்கமாகவே சொன்னாராம். அரிப்பை உடனே அமுக்குகிற அந்தக் கலவைக் களிம்பு அரிப்பைத்தான் தூங்க வைக்கிறது, பூஞ்சை அதன் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டும். பூஞ்சையைக் கொல்கிற களிம்பைப் புண் தெரிகிற இடத்தில் மட்டும் தொட்டு வைக்காமல் சுற்றிலும் பூச வேண்டும்; தோல் பளிச்சென்று ஆன பிறகும் சொன்ன வாரங்கள் முடியும்வரை விடக் கூடாது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும், காலுறையைத் தினம் மாற்ற வேண்டும், பூட்ஸுக்கு ஒரு நாள்விட்டு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். மிதி, செருப்பு, துண்டு எல்லாம் ஆளுக்கு ஒன்று. நகம்தான் பூஞ்சையின் நிரந்தர முகவரி. அதற்கு ரத்தம் சோதித்துவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை. வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

இத்தனையும் பரம்பரையார் காதில் விழுந்ததா? படியேறி வரும்போது என்னைப் பிடித்து நிறுத்தினார். "டாக்டரே ஒத்துக்கிட்டாங்க சார். குடும்பத்துலதான் இருக்குதாம்" என்றார். இந்த இனத்தாருக்குக் காது கேட்பதெல்லாம் முதல் வாக்கியத்துக்கு மட்டும்தான். மருந்துச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்து சலவைக்குப் போய்விட்டது.

மருமகள் என்ன செய்வாள்? தனக்கென்று ஒரு வெள்ளைக் கால்மிதியும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கி வந்து குளியலறை வாசலில் ஓரமாகப் போட்டாள். வீட்டில் பூகம்பம் கிளம்பியது. பரம்பரையார் சாப்பிட மாட்டேன் என்றார். பாகம் பிரிக்கப் பார்க்கிறாள் என்றார். இன்றைக்கு மிதி தனி, நாளைக்கு அடுப்பு தனி என்றார். மகன் அப்பா பக்கம் ஒரு பார்வை, மனைவி பக்கம் ஒரு பார்வை என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் ஏணியைத் திருப்பிக் கேட்பதற்காக நான் அப்போது அங்கே போயிருந்தேன். கௌரவமாக வெளியே வந்திருக்கலாம். வரவில்லை, நானும் மனிதன்தானே.

மருமகள் அழுதுகொண்டிருந்தாள். புது வகுப்பு தொடங்கச் சில வாரங்கள்தான் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மாமனாரிடம் எதுவும் பேசாமல், சமையலறை வாசலில் நின்ற மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு இது இருந்துச்சா?"

அந்த அம்மா அதிகம் பேசாதவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் காலை மடித்துப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்காருவார். கோடையிலும் விரல் மூடிய செருப்புதான் போடுவார். அது அவர் சுபாவம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"இல்லையே" என்றார். "நான் வரும்போது என் கால் நல்லாத்தானே இருந்துச்சு."



"எனக்கு அரிக்க ஆரம்பிச்சப்போ உங்கம்மாவும் இதேதான் சொன்னாங்க. இப்பத்தான் இந்த வீட்டுப் பொண்ணுன்னு. நானும் சந்தோஷப்பட்டேன்." அந்த அம்மா அதோடு விடவில்லை. "என் அக்கா பொண்ணு கல்யாணத்துல செருப்பக் கழட்டச் சொன்னாங்கன்னு வாசலோட திரும்பி வந்தவ நான். நம்ம கல்யாணத்துக்கு நீங்க எனக்குப் போட்டதுல இது ஒண்ணுதான் இன்னும் என்கிட்ட நிலைச்சு நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரம்பரையார் உதவி கேட்பதுபோல அப்பா படத்தைப் பார்த்தார். படம் வழக்கம்போல மார்போடு முடிந்துவிட்டது.

அந்த அம்மா நேராகப் போனார். பச்சை என்று சொல்லப்பட்ட மிதியை இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக் குப்பையில் போட்டார். பொதுச் செருப்பு போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் குடியிருந்த ட்யூப் குடும்பம் மொத்தமும் போயிற்று. மறுநாள் குளியலறை வாசலில் நான்கு நிறத்தில் நான்கு மிதிகள் கிடந்தன. காலுறைகள் வெந்நீரில் கொதித்தன. டாக்டரம்மாவிடம் புதுச் சீட்டு வாங்கி வந்தார்கள். அந்த அம்மா யாரிடமும் வாதாடவில்லை. கணவர் தட்டுக்கு அருகே மாத்திரையை வைத்துவிட்டு, விழுங்கும்வரை அப்படியே நிற்பார். "என்னை ஒதுக்கி வெச்சிட்டாங்க சார்" என்று அவர் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். ஒதுக்கி வைத்தது அவருடைய மிதியைத்தான், சாம்பல் நிறத்தில், கொஞ்சம் தள்ளி.

புது வகுப்பு தொடங்கிய நாளன்று குளத்து மேலாளர் டார்ச் அடித்து, மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, குழந்தைகள் காத்திருக்கின்றன, இறங்குங்கள் என்றாராம். அதை எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் அழுதாள், அதே வாயால் சிரித்தாள். எனக்கும் சொல்ல முடியாத சந்தோஷம். அவ்வளவு நாள் அரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் காலும் சுத்தமாக ஆறிவிட்டது. பரம்பரையாரின் நேரடி ரத்தம், சொந்த மகன், கால் விரலிடுக்கு கண்ணாடி மாதிரி. இதற்கு என்ன சொல்லப் போகிறார் என்று ஆவலோடு கேட்டேன். மகனின் காலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "இவன் அவங்கம்மா ஜாடை" என்றார்.

போன வாரம் ஒரு காலை வேளையில் பரம்பரையார் மாடி முகப்பில் நாற்காலி போட்டு, வெயிலில் காலை நீட்டி, ஒரு சின்னத் துண்டால் விரலிடுக்குகளைப் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளுப்பு இல்லை, வெடிப்பு இல்லை. தங்க நகத்தின் அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புது நகம் மெல்ல வளர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். காலை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா சார்? எங்க வம்சத்துல எதுவா இருந்தாலும் சட்டுனு ஆறிடும். ரத்தம் அப்படி."

அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. அந்த அம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். விரல் பத்தும் தெரிகிற, மெல்லிய வார் வைத்த புதுச் செருப்பு. கணவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தார், மாத்திரையும் தண்ணீரும் நாற்காலிக் கையில் வைத்தார், அவர் விழுங்கியதும் படியிறங்கிப் போனார். ஏணி இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். நல்லது. ஆனால் படிக்கிற சாக்கில் உங்கள் இடது காலின் கட்டைவிரல் சத்தமில்லாமல் வலது கால் பக்கம் போயிற்றே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? எழுந்து போய் உங்கள் குளியலறை வாசலில் எத்தனை மிதி கிடக்கிறது என்று பாருங்கள். அப்படியே அலமாரித் தட்டில் பாதி பிதுக்கிய ட்யூப் ஏதாவது தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். "எங்க வீட்ல எப்பவுமே இப்படித்தான்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் பிள்ளைகளிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாளைக்கு உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டும்போது, சட்டத்துக்குக் கீழே கொஞ்சம் சுவர் விட்டு மாட்டட்டும். விருந்தாளிகளுக்கு விரல் நீட்டிக் காட்ட இடம் வேண்டாமா?